ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டால் ஓடிவிடுமா?

போன வாரம் பாறசாலையிலிருந்து ஒரு பையன் களியக்காவிளையில் இருக்கும் என் கடைக்கு வந்தான். கையில் எஸ்எஸ்டி, அதாவது கம்ப்யூட்டரில் தகவலைச் சேமிக்கும் அட்டை; முகத்தில் ஈயாடவில்லை. "புதுசாக்கும் அண்ணே, செத்துப்போச்சு." செத்தெல்லாம் போகவில்லை. எட்டு வருஷம் முன்பு நான் செய்த அதே கோளாறு.

கம்ப்யூட்டரில் டிஸ்க் மாட்டும்போது செய்யும் தப்புகளைச் சொல்கிறேன். பவர் ஒயர் மாட்ட மறப்பது, ஸ்க்ரூவைத் தொலைப்பது பற்றி எழுதப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தெரிந்துவிடும்.

எம்.2 என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

எம்.2 என்பது அட்டையின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அதாவது 2280; இதே அளவில், கம்ப்யூட்டரோடு பேச பழைய வழியைப் பிடிக்கும் சாட்டாவும் வரும், பிசிஐஇ என்ற வேகமான வழியைப் பிடிக்கும் என்விஎம்இயும் வரும். தங்கநிறப் பற்கள் இருக்கும் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றுதான் என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு உள்ளது, ஒரு வெட்டு அட்டைக்கான எம்-கீ ஸ்லாட்டிலும் நுழைந்துவிடும். வினையே அங்கேதான்.

அன்று நான் திருவனந்தபுரம் போய், நூறு இருநூறு மிச்சம் என்று சாட்டா அட்டையை வாங்கி வந்தேன். நச்சென்று உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் ஏறியது. கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸ் நிரலில் அதன் பெயரைக் காணோம். கழற்றினேன், மாட்டினேன், பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சிமாஸ் பேட்டரியைக்கூடப் பிடுங்கிப் பார்த்தேன், இரவு ஒரு மணி ஆனது. காலையில் மதர்போர்டின் மேனுவலைத் திறந்தால், அந்த ஸ்லாட்டுக்கு நேரே 'பிசிஐஇ மட்டும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர், "சீல் பொட்டிச்சல்லோ சேட்டா" (சீலை உடைத்துவிட்டீர்களே அண்ணே) என்று கையை விரித்துவிட்டார். பஸ் காசும் தண்டம். அந்த அட்டை இன்றும் வெளியே இருந்து ஒயரில் மாட்டும் ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் காலம் தள்ளுகிறது.

சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டும் உண்டு. அதில் என்விஎம்இ மாட்டினாலும் இதே கதைதான். பிசிஐஇ ஸ்லாட்டில் செருகும் அடாப்டர் கார்டில் மாட்டினாலும், பழைய பயாஸ் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாமல் முரண்டு பிடிக்கும். மேனுவலைப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

பழைய டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டுவது

பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் அணைந்துவிடும், அதில் மாட்டியிருந்த பழைய டிஸ்க் தெரியாது. ஒயரை அடுத்த போர்ட்டில் குத்திப் பாருங்கள்.

2 டிபிக்கு மேல் எம்பிஆர்

எம்பிஆர் என்பது டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் பழைய முறை. வேண்டாம். புதிய முறையான ஜிபிடி போடுங்கள், மீதி இடம் அப்போதுதான் கண்ணில் படும்.

ரெய்டுக்கு எஸ்எம்ஆர் டிஸ்க்

ரெய்டு என்றால் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது; எஸ்எம்ஆர் என்றால் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் டிஸ்க். வாங்காதீர்கள்.

பாறசாலைப் பையனின் அட்டையிலும் இரண்டு வெட்டு, சீலையும் கிழித்திருந்தான். சரி, யுஎஸ்பி பெட்டி போட்டுக் கொடுப்போம் என்று அலமாரியைத் திறந்தேன். கிடந்தது என்விஎம்இ பெட்டி.