பிளாசிப் போரை ஒரு தாளில் வரைந்து புரிந்துகொள்வது எப்படி?

1757 ஜூன் 23 அன்று வங்காளத்தில் நடந்த பிளாசிப் போரை, 3,000 பேர் ஏறத்தாழ 50,000 பேரை வென்ற வீரக்கதையாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு தாளும் நீலம், சிவப்பு, சாம்பல் ஆகிய மூன்று வண்ணப் பென்சில்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்து முடிக்கும்போது அந்தக் கணக்கின் பிழை கண்ணுக்கே தெரியும்.

படி 1: தாளின் மேற்பக்கத்தை வடக்கு எனக் கொண்டு, இடது ஓரத்தில் பாகீரதி ஆற்றையும் அதன் கிழக்குக் கரையில் ஒரு மாந்தோப்பையும் வரையுங்கள். தோப்புக்கு நீலம் தீட்டுங்கள். சென்னையிலிருந்து கப்பலில் சென்ற சிப்பாய்களையும் உள்ளடக்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ராபர்ட் கிளைவின் படை அங்குதான் இருந்தது.

படி 2: தோப்பின் வடக்கிலிருந்து தென்கிழக்கு வரை பிறைபோல வளைத்து, வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் படையைக் குறியுங்கள். முழுப் பிறைக்கும் ஒரே வண்ணம் தீட்டிவிடாதீர்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். வடமுனையில் நின்ற மீர் மதன், மோகன்லால் அணிகளுக்கும் குளக்கரையில் நின்ற சிறு பிரெஞ்சுப் பீரங்கி அணிக்கும் மட்டும் சிவப்பு. போரில் கலக்காமல் நின்ற நவாபின் தளபதிகள் மீர் ஜாபர், யார் லுத்புகான், ராய் துர்லப் ஆகியோரின் அணிகளுக்குச் சாம்பல். பிறையின் பெரும்பகுதி சாம்பலாகிவிடும்.

படி 3: அதற்கான காரணத்தை ஓரத்தில் எழுதுங்கள். வட்டிக்கடைப் பெருஞ்செல்வர்களான ஜகத் சேட்டுகளின் துணையோடு, மீர் ஜாபருக்கு நவாப் பதவி, கம்பெனிக்கு 1 கோடி ரூபாய் என்று போருக்கு முன்பே இரகசிய உடன்படிக்கை ஆகியிருந்தது. பங்கு கேட்டு மிரட்டிய இடைத்தரகர் உமிசந்தை ஏமாற்ற, சிவப்புத் தாளில் ஒரு போலி உடன்படிக்கையும் தயாரானது. அதில் கையெழுத்திட அட்மிரல் வாட்சன் மறுத்ததால் அவர் பெயரை வேறொருவர் எழுதினார். என் பார்வையில், இந்தத் தாளைவிடக் கறைபடிந்த ஆவணம் அப்போரில் வேறில்லை.

படி 4: இனி அம்புக்குறிகள். காலையில் இரு பக்கமும் பீரங்கிகள் முழங்கின. நண்பகல் மழையில் நவாபின் வெடிமருந்து நனைந்தது. ஆங்கிலேயர் தார்ப்பாயால் மூடித் தங்களுடையதைக் காத்துக்கொண்டனர். மீர் மதன் குண்டடிபட்டு இறந்ததும், கலங்கிய சிராஜ் தம் தலைப்பாகையை மீர் ஜாபரின் முன் வைத்து உதவி வேண்டினார். இன்று போரை நிறுத்துங்கள் என்பதே கிடைத்த அறிவுரை. சிவப்பு அம்பைப் பின்னோக்கியும் நீல அம்பை முன்னோக்கியும் வரையுங்கள்.

சாம்பலுக்கு ஒரே ஒரு சிறு அம்பு போதும். பிற்பகலில் அவ்வணி தோப்பை நோக்கி நகர்ந்தபோது, அதன் நோக்கம் புரியாத ஆங்கிலேயர் அதன்மீதும் சுட்டு விலக்கி நிறுத்தினர்.