மதுரை வெயிலில் ஈரப்பதம் அளக்க: ஈரக்குமிழைச் சரியாக வேலை செய்ய வைப்பது

காற்றின் ஈரப்பதம் அளக்க இரண்டு வெப்பமானிகள் வேண்டும்: ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுவோம் (ஈரக்குமிழ்), மற்றது வெறுமனே இருக்கும் (உலர்குமிழ்). தண்ணீர் ஆவியாகும்போது ஈரக்குமிழ் குளிரும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஈரப்பதம் கணக்கிடலாம். துணி சுற்றும் முன் இரண்டு வெப்பமானிகளையும் நிழலில் பக்கத்தில் பக்கத்தில் கால் மணி நேரம் தொங்கவிட்டுப் பாருங்கள். 0.3 டிகிரி வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அதைச் சரிக்கட்ட வேண்டும்.

பழைய வெள்ளை வேட்டித் துண்டு போதும். புதுத் துணி என்றால் கஞ்சி போகக் கொதிக்க வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது. குமிழில் ஒரே சுற்று. தண்ணீருக்குக் கடையில் பேட்டரிக்கு விற்கும் வடிநீர் (ஆசிட் இல்லை, தண்ணீர்). போர் தண்ணீர் ஊற்றினால் சில நாளிலேயே துணியில் உப்பு படிந்து ஆவியாதல் குறையும்; ஈரக்குமிழ் உள்ளதைவிடச் சூடாகக் காட்டும்.

மொட்டை மாடி வேண்டாம், தளமே அனல் கக்கும். வேப்பமர நிழலில், மண் தரைமேல், ஒன்றரை மீட்டர் உயரம் நல்லது. டேபிள் ஃபேனை நொடிக்கு 3 மீட்டருக்குக் குறையாமல் வீசவிடுங்கள். ஈரக்குமிழைத் தாண்டி வரும் காற்று உலர்குமிழில் படக் கூடாது. ஈரக்குமிழ் இறங்கி நின்றதும் அதை முதலில் படியுங்கள். கிட்டே மூச்சு விடாதீர்கள்.

உலர்குமிழ் 36, ஈரக்குமிழ் 26 என்று வைப்போம். 26 டிகிரியில் பூரித ஆவி அழுத்தம் (காற்றில் நீராவி நிறைந்திருக்கும்போது அந்த ஆவி தரும் அழுத்தம்) 33.6 ஹெக்டோபாஸ்கல். இதிலிருந்து 0.00066 (ஃபேன் காற்றுபடும் ஈரக்குமிழுக்கான மாறிலி) × காற்றழுத்தம் 995 × வித்தியாசம் 10 = 6.6 கழித்தால் 27.0; காற்றில் உண்மையில் இருக்கும் ஆவி அழுத்தம் இதுதான். இதை 36 டிகிரிக்கான பூரித ஆவி அழுத்தம் 59.4-ஆல் வகுத்தால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 45 சதவீதம். பனிநிலை (காற்று குளிர்ந்து பனி படியத் தொடங்கும் வெப்பநிலை) 22 டிகிரியை ஒட்டி வரும்.

ஃபேன் போடாமல் விட்டு ஈரக்குமிழ் 28-இல் நின்றுவிட்டால்? அதே கணக்கு 55 சதவீதம் சொல்லும். இரண்டு டிகிரிக்குப் பத்து சதவீதம்! ரெக்கார்டு நோட்டில் வரும் தவறுகளில் பல இந்த வகைதான். காற்றில்லாத மூலையில் வைத்த மண்பானைத் தண்ணீர் சரியாகக் குளிராததற்கும் இதே காரணம்.

இதே கருவியைக் கொடைக்கானல் கொண்டுபோனால் மதுரைக் காற்றழுத்தத்துக்குப் போட்ட ஈரப்பத அட்டவணையைப் பார்க்காதீர்கள். சூரிய ஆய்வகம் இருக்கும் 2,343 மீட்டர் உயரத்தில் அழுத்தம் 770 ஹெக்டோபாஸ்கல் அளவுதான். உலர் 20, ஈரம் 16 என்றால் அங்கே 69 சதவீதம். மதுரை அழுத்தத்தில் போட்டால் 66 என்று வரும்.

துணியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நாட்களில் தினமும்.