நியூரோசயின்ஸ் பட்டப்படிப்பில் சேரும் முன்பும் சேர்ந்த பின்பும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் டியூஷன் எடுக்கும் இடத்துக்கு, பல்கலைக்கழகம் போவதற்கு முன் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவு வந்த கையோடு பெற்றோர் சிலர் வருவார்கள். "டீச்சர், பிள்ளைக்கு மெடிசின் கிடைக்கல. நியூரோசயின்ஸ் எடுத்தா பின்னால மூளை டாக்டர் ஆயிடலாம்தானே?"

ஆக முடியாது. நரம்பியல் மருத்துவர் ஆக வேண்டுமென்றால் முதலில் மருத்துவப் பட்டம், அதன் பிறகுதான் சிறப்புப் பயிற்சி. நியூரோசயின்ஸ் மூளையையும் நரம்புகளையும் ஆராயும் ஓர் அறிவியல் பட்டம். அதை வைத்து நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகவும் அது மட்டும் போதாது. மலேசியாவில் அதற்கு முதுகலை வேண்டும். மருத்துவம்தான் என்று பிள்ளையின் மனம் கிடந்து தவித்தால், மருத்துவத்துக்கே மறுபடி முயலட்டும். கிடைக்காத ஒன்றை நினைத்துக்கொண்டே கிடைத்ததைப் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு ஆண்டு அப்படி ஓட்டுவது பெரிய வேதனை.

அடுத்த தவறு படிவம் நான்கிலேயே தொடங்கிவிடுகிறது. "பயாலஜியில் ஏ வாங்கினால் போதும்" என்று கூடுதல் கணிதத்தையும் பிசிக்ஸையும் கைவிட்டுவிடுகிறார்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது முதலாண்டு, போன மாதம் நோட்டோடு வந்தாள். நரம்பணுவில் ஓடும் மின்துடிப்பின் வளைகோட்டை அச்சடித்த மாதிரி வரைந்திருந்தாள். ஓய்வில் -70 மில்லிவோல்ட், அங்கிருந்து +30 பக்கம் ஏற்றம், பிறகு இறக்கம். "சரிம்மா, இறங்கும்போது -70-லேயே நிற்காமல் ஏன் இன்னும் கீழே போகுது?" என்று கேட்டேன். "புக்குல அப்படித்தான் டீச்சர் போட்டிருக்கு" என்றாள்.

பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் மெதுவாகத்தான் மூடும். அவை மூடி முடியும்வரை பொட்டாசியம் வெளியே போய்க்கொண்டே இருப்பதால், மின்னழுத்தம் பொட்டாசியத்தின் சமநிலை அளவை நோக்கி இழுபடுகிறது. அந்த அளவு எவ்வளவு? நரம்பணுவுக்குள்ளே பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், வெளியே 5 என்று வைத்து, அந்தச் சமநிலை அளவைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். லாகரிதம் அவளுக்கு மறந்திருந்தது. அதைத் திரும்பச் சொல்லிக்கொடுத்து, கால்குலேட்டரில் தட்டி, -89 மில்லிவோல்ட் என்று வந்தபோது மணி ஒன்பதரை. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த வளைகோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்த படம் அவளுக்குப் புரிந்த படமாக மாறியது அப்போதுதான். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து 1952-இல் இதற்கான சமன்பாடுகளை வெளியிட்டார்கள். அன்றைக்கு ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப்பொறியில்தான் இதையெல்லாம் போட்டார். இந்தத் துறையின் அடித்தளமே இப்படிக் கணக்கில்தான் நிற்கிறது.

புள்ளியியலை ஒதுக்குவது இதைவிட ஆபத்து. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், செத்த சால்மன் மீன் ஒன்றை மூளை ஸ்கேனில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டியிருந்தார்கள். மீனின் மூளையில் சில புள்ளிகள் வேலை செய்வதாக முடிவு வந்தது! ஸ்கேன் மூளையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கிறது. அத்தனை சோதனையில் சில தற்செயலாகவே தேறிவிடும். அதற்கான திருத்தத்தைச் செய்ததும் அந்தப் புள்ளிகள் மறைந்துவிட்டன. இதைக் காட்டத்தான் அந்த முடிவை வெளியிட்டார்கள். புள்ளியியல் தெரியாதவர் அந்த வண்ணப் படத்தை அப்படியே நம்பிவிடுவார். கூடவே, தரவை அலசப் பயன்படும் கணினி மொழிகளான பைத்தான், ஆர் இரண்டில் ஒன்றை முதலாண்டிலேயே தொட்டுவிடுங்கள்.

சேரும்போது பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், பாடப் பட்டியலைப் பாருங்கள். பயோமெடிக்கல் சயின்ஸ், சைக்காலஜி வழியாகவும் இந்தத் துறைக்குள் வரலாம். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் அதைப் பொறுத்தது. பினாங்குப் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வீட்டுப் பக்கம் என்று நினைப்பீர்கள், ஆனால் அதன் நரம்பியல் துறை கிளந்தானில், குபாங் கெரியான் வளாகத்தில் இருக்கிறது.

அப்புறம் இன்னொரு தவறு, இது வெளிநாட்டுக்காரர்களின் துறை என்று நினைத்து ஆய்வுக்கூடத்துப் பக்கமே போகாமல் இருப்பது. 1998-இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்கள், கொசு மருந்து அடித்தார்கள். நோய் வேறு மாநிலங்களுக்கும் பரவி, மொத்தம் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பின்னால் நீப்பா என்று பெயர் பெற்ற அந்தப் புதிய வைரஸை 1999 மார்ச்சில் முதலில் பிரித்தெடுத்தது இங்கே, மலாயா பல்கலைக்கழகத்தில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

அதனால் முதலாண்டு விடுமுறையிலேயே விரிவுரையாளரிடம் போய்க் கேளுங்கள். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்காமல், அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிக் கேளுங்கள்.