மெல்லிய சொல் உதவாத இடங்கள்

இலங்கையின் வன்னியில் இருட்டினால் பாம்பைப் பாம்பு என்று சொல்லாதவர்கள் பலர். 'பூச்சி' என்பார்கள். நாகம் என்றால் இன்னும் மரியாதை, நாகதம்பிரான். புளியங்குளத்துப் பக்கம் புதூர்க் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிற சனங்களிடம் அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்று சொல்லும் மங்கல வழக்குக்கு நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது.

பிழை, அந்தச் சொல்லை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோவது. வயலில் கடிபட்டவரைக் கூட்டிவந்து "பூச்சி கடிச்சுப்போட்டுது" என்றால், குளவியா பூரானா என்று விசாரிப்பதிலேயே நேரம் போகும். பாம்பு என்றே சொல்லுங்கள். நாகமா புடையனா (கண்ணாடி விரியன்) என்று தெரிந்தால் அதையும், கடித்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாகத்தின் நஞ்சு நரம்பைத் தாக்கும். புடையனின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுக்கும். மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறிகள் வேறு வேறு. தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம், பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம்.

'அம்மாள்' விஷயமும் இதே மாதிரித்தான். கொப்புளிப்பானையும் (சின்னம்மை) அம்மாள் என்பார்கள், சின்னமுத்தையும் (தட்டம்மை) அம்மாள் என்பார்கள். வேப்பிலை கட்டுவது இருக்கட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இரண்டுமே ஆபத்து. மிட்வைஃப் மிஸ்ஸிடம் "அம்மாள் வந்திருக்கு" என்பதோடு நிறுத்தாமல் எந்த நோய் என்று சொல்லுங்கள்.

தேவையில்லாத இடத்தில் மெழுகுவதும் பிழைதான். 'செத்தவீடு' தமிழ்நாட்டுக் காதுக்குக் கரடுமுரடாக இருக்கலாம், எங்களுக்கு அது சாதாரணச் சொல். அறிவித்தலில் 'சிவபதமடைந்தார்' என்று போடுங்கள், அழகாக இருக்கும். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரைச் 'சிவபதமடைந்த வீட்டுக்கு' கூப்பிட முடியுமா? செத்தார் என்பதற்குச் சொல்லும் 'மோசம் போயிட்டார்' என்பதையும் ஆள் பார்த்துச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த மருமகன் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிடுவான்.

சில மெல்லிய சொற்கள் மேலிருந்து வருபவை. அவற்றை யோசிக்காமல் திருப்பிச் சொல்வதுதான் எனக்குப் பெரிய பிழையாகப் படுகிறது. 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாமுக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'நலன்புரி' என்று தொடங்கும். முள்கம்பிக்குள் இருந்தவர்கள் முகாம் என்றார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுதினால் முகாம் என்றே எழுதுங்கள்.

'காணாமல் போனோர்' என்பதும் இந்த வகைதான். தானாக எங்கோ போய்த் தொலைந்தது போலக் கேட்கும். பிள்ளைகளைத் தேடி கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டம் தொடங்கிய அம்மாமார் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றுதான் சொல்கிறார்கள். 'ஆக்கப்பட்ட' என்றதும் ஆக்கியது யார் என்ற கேள்வி வந்துவிடும். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து 'அமரர்' சேர்ப்பது அதைவிட மோசம். மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டுக்கொண்டு தெருவில் இருப்பவரிடம், அவன் இல்லை என்று நீங்கள் தீர்ப்புச் சொல்கிறீர்கள். கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடிப்பதாக இருந்தால், பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று அந்த அம்மாவிடமே கேட்டு, அவர் சொன்னபடியே போடுங்கள்.