'சொன்னாராம்' எந்த இடத்தில் 'சொன்னார்' ஆகிறது?

ஒரு தலைவர் சொன்னதாக ஒரு வரி கைக்கு வந்தால், அது எந்த மொழியில் சொல்லப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. முதல் தவறு அதுதான். புதுச்சேரிக்காரர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். 2021 பிப்ரவரியில் சோலை நகரில் மீனவ மக்களை ராகுல் காந்தி சந்தித்தார். புயல் நேரத்தில் யாரும் வந்து பார்க்கவில்லை என்று ஒரு பெண்மணி முதல்வரையே காட்டி முறையிட்டார். பக்கத்தில் நின்ற முதல்வர் நாராயணசாமி அதை ஆங்கிலத்தில் சொன்னபோது, நிவர் புயலின்போது முதல்வர் வந்து பார்த்து நிவாரணம் கொடுத்ததாக அந்த அம்மா சொல்கிறார் என்று ஆகிவிட்டது.

வீடியோவில் அந்த அம்மாவின் குரல் இருந்ததால் நமக்கு உண்மை தெரிந்தது. டெல்லியில் இந்தியில் பேசியதைத் தமிழ் நியூஸ் கார்டில் படிக்கிறோமே, அப்போது ராகுல் இருந்த இடத்தில்தான் நாம் இருக்கிறோம். மூலக் குரலைக் கேட்காமல் கோபப்படக் கூடாது.

தமிழில் இதற்கென்றே ஒரு காவல் இருக்கிறது. நாம் நேரில் கேட்காததை 'சொன்னாராம்' என்போம். அந்த 'ஆம்' போய்விட்டால் வதந்தி சாட்சியாகிவிடும். மூன்றாவது ஆள் பகிரும்போது பெரும்பாலும் அது போய்விடுகிறது. பகிர்வதற்கு முன் அதைத் திரும்ப ஒட்டிப் பாருங்கள்.

அப்புறம் இந்த நியூஸ் கார்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் போனை நீட்டி, "பாத்தியாப்பா, என்ன பேசியிருக்கான்னு" என்றார். டிவி சேனலின் லோகோ சரியாக இருந்தது. ஆனால் சேனல் வழக்கமாகப் போடும் எழுத்துரு இல்லை, தேதி இருக்க வேண்டிய மூலை வெட்டப்பட்டிருந்தது, 'எதிர்ப்புத் தெரிவித்தார்' என்பதில் ஒரு 'ப்' காணவில்லை. அந்தச் சேனலின் பக்கத்தைத் திறந்து தேடினோம். அப்படி ஒரு கார்டே அங்கே இல்லை. லோகோவை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சேனலின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அங்கேயும் தேதியைப் பாருங்கள், ஐந்து வருடத்துக்கு முந்தைய பேச்சு நேற்றையதைப் போலச் சுற்றுவது சகஜம்.

ஐந்து பேப்பரில் வந்ததால் உண்மை என்று நினைப்பதும் தவறு. ஐந்திலும் 'பிடிஐ' என்று போட்டிருந்தால் ஐவரும் ஒரே ஏஜென்சி செய்தியை வாங்கிப் போட்டிருக்கிறார்கள், சாட்சி ஒன்றுதான். 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்றால் பெயர் சொல்ல ஆளில்லை என்று பொருள். கேள்விக்குறியோடு முடியும் தலைப்பு செய்தியே அல்ல.

பேச்சு நாடாளுமன்றத்தில் நடந்திருந்தால் வேலை சுலபம். அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டவை தவிர, பேசியது பேசியபடி தேதிவாரியாகப் பதிவாகி இணையத்தில் கிடைக்கிறது. பொதுக்கூட்டம் என்றால் முழு வீடியோவைத் தேடி, அந்த வரிக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். 'அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்' என்று எதிராளியின் வாதத்தை எடுத்துச் சொன்னதே அவரது சொந்தக் கருத்தாக வெட்டப்பட்டிருக்கலாம்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. பிடிக்காத கட்சிக்காரர் பேச்சை மட்டும் சரிபார்க்காமல் அனுப்பிவிடுகிறோம். தவறென்று தெரிந்ததும் சத்தமில்லாமல் டெலீட் செய்கிறோம். அதற்குள் பத்துப் பேர் எடுத்து வேறு குரூப்புக்கு அனுப்பியிருப்பார்கள். டெலீட் செய்தாலும், அதே குரூப்பில் 'காலையில் நான் போட்டது பொய், அவர் அப்படிப் பேசவில்லை' என்று எழுதி, உண்மையான வீடியோவையும் சேர்த்துப் போடுங்கள்.