பழைய டிரில் மெஷினில் பிட் ஆடுகிறதா?
காயலான் கடையில் வாங்கிய, நிறுத்திவைத்துத் துளையிடும் டிரில் மெஷினுக்கு உடனே பெயின்ட் அடிக்க ஓடாதீர்கள். பிட் ஆடினால் பல சமயம் குற்றவாளி பேரிங் அல்ல, மோர்ஸ் டேப்பரில், அதாவது சக் (பிட்டைக் கவ்வும் பகுதி) ஸ்பிண்டிலுக்குள் (சுழலும் தண்டு) செருகி நிற்கும் கூம்புச் சரிவில், அப்பிய பிசுக்குதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கைப்பிடியைச் சுற்றி ஸ்பிண்டிலைக் கீழே இறக்குங்கள். அதைச் சூழ்ந்த உறையின் பக்கவாட்டில் நீள்துளை தெரியும். ஸ்பிண்டிலைக் கையால் திருப்பி, அதிலுள்ள உள்துளையும் உறையின் வெளித்துளையும் நேரானதும் ஆப்பைச் செருகித் தட்டினால் சக் கழன்று விழும். அடியில் பலகை வையுங்கள். டேப்பரை உள்ளும் வெளியும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. அந்தச் சரிவு தேய்ந்தால் போச்சு! எண்ணெயும் வேண்டாம், இரும்போடு இரும்பு கவ்வுவதுதான் அங்கே பிடிமானம். மாட்டும்போது சக்கின் தாடைகளை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, மரச்சுத்தியால் ஒரு தட்டு. அதன்பிறகும் கரகரத்தால் பேரிங்கை மாற்றலாம். வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லிக் கடையில் கேளுங்கள்.