வயசான நாய்க்குப் புத்தி தடுமாறுகிறதா? குறைந்த காசில் செய்யக்கூடியவை

ராத்திரி எழுந்து சும்மா சும்மா குரைக்கிறது, கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய்க் காத்து நிற்கிறது, மூலையில் புகுந்தால் திரும்பி வரத் தெரியவில்லை, இத்தனை வருஷம் வீட்டுக்குள் மூத்திரம் போகாதது இப்போது போகிறது என்றால், நம் பெரியவர்களுக்கு வருகிற மறதி நோய் போன்ற ஒன்று உங்கள் நாய்க்கும் வந்திருக்கலாம். 11, 12 வயதுக்கு மேல் நிறைய நாய்களிடம் இது தெரிகிறது.

ஆனால் உடனே அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். மூட்டுவலி, மூத்திரத் தொற்று, சர்க்கரை, கிட்னிக் கோளாறு, கண் மங்கல், காது மந்தம் எல்லாமே இதே மாதிரிதான் காட்டும், அதில் பலவற்றுக்குச் சாதாரண மருந்தே போதும். அதனால் கையில் இருக்கிற காசை முதலில் இதைக் கண்டுபிடிக்கத்தான் போட வேண்டும், சத்து மாத்திரை டப்பாவுக்கு அல்ல. அப்புறம், திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் துடித்து, தள்ளாடி விழுந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே கொண்டுபோங்கள்.

நம்ம பாலக்காடு-பொள்ளாச்சி எல்லையில், கேரளாவில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் இருந்தால் மிருகாசுபத்திரி (அங்கே அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்கு அப்படித்தான் பெயர்), தமிழ்நாட்டில் கோபாலபுரம் தாண்டி இருந்தால் நம்ம மாட்டாஸ்பத்திரி, எது கிட்டமோ அங்கே போங்கள். அங்கே முடியாததற்கு மண்ணுத்தியிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது ராத்திரி அது செய்வதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் டாக்டர் மேஜையில் எந்த நாயும் அப்படி நடந்துகொள்ளாது. விடிந்ததும் முதல் மூத்திரத்தை நீளக் காம்புக் கரண்டியில் பின்னாலிருந்து மெதுவாக நீட்டிப் பிடித்து, சுத்தமான பாட்டிலில் ஊற்றி, சூடேறாமல் சீக்கிரம் கொண்டுபோனால் ஒரு டெஸ்ட்டுக்கு அது போதும். "இவ்வளவுதான் இருக்கிறது டாக்டர், எதை முதலில் பார்க்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலிஜிலின் என்று ஒரு மாத்திரை இதற்கு உண்டு. மெடிக்கலில் கிடைக்கிறதே என்று நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். உண்ணிக்கு அமிட்ராஸ் கலந்து குளிப்பாட்டுகிறீர்களா, வலிக்கு டிரமடால் கொடுக்கிறீர்களா என்பதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவை இதோடு சேரக்கூடாது. நமக்குப் போடும் வலி மாத்திரை எதையும், முக்கியமாக ஐபுப்ரோஃபெனை, கொடுக்கவே கொடுக்காதீர்கள். தேங்காய் நாடாச்சே, சோற்றில் தேங்காய் எண்ணெய் ஊற்று சரியாகிவிடும் என்பார்கள். ஆராய்ச்சியில் பலன் காட்டியது பிரித்தெடுத்த வேறு வகைக் கொழுப்பு, செக்கு எண்ணெய் அதற்கு ஈடாகாது, அதிகம் ஊற்றினால் வயிறுதான் கெடும்.

மீதியெல்லாம் வீட்டுக்குள்தான், பெரும்பாலும் காசே ஆகாது. சோறு, நடை, தூக்கம் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். கட்டில், பீரோ, தண்ணீர்ச் சட்டி எதையும் இடம் மாற்றாதீர்கள். வழுக்குகிற டைல்ஸ் மேல் பழைய சாக்கை விரித்து ஓரத்தைக் கல் வைத்து அமுக்கிவிடுங்கள், கால் பிடிப்பு வந்தாலே பாதி பயம் குறையும். ராத்திரி ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். பகலெல்லாம் தூங்க விடாமல் சாயங்காலம் மெதுவாக நடத்திக் கூட்டிப்போங்கள், வேகம் வேண்டாம், மோந்து பார்த்துக்கொண்டே வரட்டும், அதுதான் அதன் மூளைக்கு வேலை. படுக்கும் முன் ஒரு தடவை வெளியே விடுங்கள். வீட்டுக்குள் மூத்திரம் போய்விட்டால் அதட்டக் கூடாது, அதற்கு எதற்கு அதட்டுகிறீர்கள் என்றே புரியாது, பயம்தான் கூடும்.

தோட்டத்து வீடாக இருந்தால் கிணற்றையும் தொட்டியையும் இன்றைக்கே அடைத்துவிடுங்கள். வழி தெரியாமல் அலைகிற நாய் அதில்தான் விழும். வெளியே எப்போதும் கயிற்றோடுதான் கூட்டிப்போக வேண்டும், கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள்.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் ராத்திரி எப்படிப் போனது, சாப்பிட்டதா, உங்களைப் பார்த்து வாலாட்டியதா என்று குறித்து வையுங்கள். நல்ல நாளைவிட மோசமான நாள் அதிகமாகி, சோறும் இறங்காமல், எந்நேரமும் பதறிக்கொண்டே இருந்தால் அந்தத் தாள்களோடு டாக்டரிடம் போய், ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை அனுப்பி வைப்பது பற்றிப் பேசலாம். அந்த ஊசியை அரசு ஆஸ்பத்திரியிலேயே போடுவார்களா, வீட்டுக்கு வந்து போட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.